டெல்டாவின் ஏழு உயிர்கள்: கலம்காரித் துணியில் ஓர் ஓவியத் தொடர் செய்யும் முறை

ஒரு மான், ஓர் ஆமை, ஒரு பறவை என்று அழகாக வரைந்து வரிசையாக மாட்டினால் அது தொடர் ஆகிவிடாது. மளிகைக் கடைக் காலண்டர்தான் ஆகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட ஒரு கயிறு வேண்டும். அதைத் தேடுவதிலேயே எனக்கு முதல் ஆண்டு முழுக்கப் போய்விட்டது. உங்களுக்கு அந்த ஓராண்டு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காவிரி டெல்டாவில் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டு, மூங்கில் எழுதுகோலால் துணியில் இயற்கைச் சாயம் தீட்டும் கருப்பூர்க் கலம்காரியின் வழியில், அருகிவரும் ஏழு உயிர்களைத் துணியில் வரையும் முறை இது. கோயில்களுக்குத் தொம்பையும் (குழாய் வடிவில் தொங்கும் துணி) விதானமும் வரைந்துவரும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அந்தக் குடும்பங்களில் பிறந்தவன் அல்லன். ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஆகவே இதில் மரபு முகம் சுளிக்கும் குறுக்கு வழிகளும் உண்டு.

முதலில் பட்டியல்

இணையத்தில் தேடிப் பனிக்கரடியையும் பாண்டாவையும் எடுக்காதீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் போகும் வழியிலேயே ஆள் இருக்கிறது. என் பட்டியல் ஆற்றோடு இறங்குகிறது: கொள்ளிடத்து நீர்நாய், வடுவூர் ஏரியின் கூழைக்கடா, கோடியக்கரை வெளிமான், உப்பளச் சேற்றில் இரை தேடும் பெரிய நாட் எனும் உள்ளான், மணலேறும் பங்குனி ஆமை, ரம்பம் போன்ற மூக்குடைய வேளா மீன், பாக் நீரிணையின் ஆவுளியா எனும் கடல்பசு.

'அருகிய இனம்' என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் படிகள் உள்ளன. பெரும்பல் வேளா மிக அருகிய இனம். பெரிய நாட் அருகிய இனம். நீர்நாய், பங்குனி ஆமை, ஆவுளியா மூன்றும் அழிவாய்ப்பு இனங்கள். கூழைக்கடா அச்சுறு நிலையை அண்மித்தது. வெளிமானோ உலக அளவில் கவலை குறைந்த இனம்தான், ஆனால் இந்தியச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பெறும் முதல் அட்டவணை விலங்கு. அதை ஏன் சேர்த்தாய் என்று கண்காட்சியில் கட்டாயம் கேட்பார்கள். உலகக் கணக்கு வேறு, ஒரு கரையின் கணக்கு வேறு என்பது என் பதில். பதில் இல்லாத உயிரைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

மூன்று விதிகள்

தொடரைக் கட்டும் கயிறு என்று சொன்னேன் அல்லவா, அது மூன்று புரி.

முதலாவது, தொடுவானம். டெல்டாவில் மலை கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் மண்ணும் வானமும் ஒரே கோட்டில் முடியும். ஒவ்வொரு துணியும் 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம். கீழிருந்து 60 செ.மீ. உயரத்தில் குறுக்கே ஒரு கோடு. நிலத்துத் துணிகளில் அது தொடுவானம், கடல் துணிகளில் நீர்மட்டம். ஏழையும் ஒட்டி மாட்டினால் 4.2 மீட்டருக்கு அந்தக் கோடு அறுபடாமல் ஓடும். பார்ப்பவர் நடக்க நடக்க, தெரியாமலேயே கண்மட்டம் நிலத்திலிருந்து தண்ணீருக்கு மாறிவிடும்.

இரண்டாவது, நிறம். உயிர் கறுப்பு, மனிதன் கை பட்ட பொருள் சிவப்பு. வேறு நிறமே கிடையாது. கடலுக்கு நீலம் வேண்டாமா என்று கேட்பவர்கள் ஐப்பசியில் நம் கடலைப் பார்த்ததில்லை.

மூன்றாவது, அந்தச் சிவப்புப் பொருள் துணிக்கு ஒன்றே ஒன்றுதான். அதன் அளவு பார்ப்பவருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதுதான் அளவுகோல். ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளமுள்ள உள்ளானும் மூன்று மீட்டர் ஆவுளியாவும் ஒரே அளவுத் துணியில் வரும்போது, பக்கத்தில் இருக்கும் பொருள்தான் உண்மையைச் சொல்லும்.

கடைசித் துணியை வெறுமையாக விட்டு 'இல்லாமற்போனவை' என்று பெயர் வைக்கும் யோசனை எல்லோருக்கும் ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. விட்டுவிடுங்கள். வெற்றுத் துணியைப் பார்த்து எவரும் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

எந்த மாதத்தில் என்ன வேலை

இந்த வேலை தண்ணீரையும் வெயிலையும் நம்பியது. சாயம் ஏற்றிய துணியை ஓடும் நீரில்தான் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயம் திரும்ப வந்து வெள்ளைப் பகுதியில் ஒட்டிக்கொள்ளும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். இடையில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது. ஆகவே அலசும் வேலைக்கு ஆவணி, புரட்டாசி. தவறினால் பொங்கல் முடிந்த இரண்டு வாரம்.

பார்த்து வரையும் வேலைக்கு மார்கழி முதல் பங்குனி வரை. வலசைப் பறவைகள் இருக்கும் காலமும் ஆமை கரையேறும் காலமும் அதுதான். கோடை முழுவதும் வரைவுகளைத் திருத்துங்கள், பானையில் இரும்பை ஊறப்போடுங்கள்.

கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். இரவில் ஆமை பார்க்கப் போனால் கேமரா பிளாஷ் கூடாது, வெள்ளை டார்ச்சும் கூடாது. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிப்பகங்களில் பணியாற்றுபவர்களோடு போவது நல்லது. கரையில் ஆமை ஓடோ வேளாவின் கொம்போ கிடந்தால் மாதிரிக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம். நின்ற இடத்திலேயே அளந்து, வரைந்து, விட்டுவிட்டு வாருங்கள்.

ஏழு வரைவுகள்

காகிதத்தில் ஏழையும் முழு அளவில் முடித்த பிறகே துணியைத் தொட வேண்டும். கறுப்பு ஏறிவிட்டால் அழிக்க வழியில்லை.

நீர்நாய்: கீரிக்கு நீளமான வால் ஒட்டினால் நீர்நாய் ஆகாது. வாலின் நுனிப் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், விரல்களுக்கு நடுவே சவ்வு வேண்டும், தனியாக வரையாமல் குடும்பமாக வரைய வேண்டும். நேரில் காண முடியாவிட்டால் கொள்ளிடத்து மணல் திட்டில் விடியற்காலையில் கால் தடம் தேடுங்கள். ஐந்து விரலும் பதிந்திருக்கும். மீன் செதில் கலந்த எச்சமும் பக்கத்தில் கிடக்கும். சிவப்பு: மணல் லாரியின் டயர்த் தடம்.

கூழைக்கடா: அலகுக்கு அடியில் தொங்கும் பையை மட்டும் எல்லோரும் பெரிதாக வரைந்துவிட்டு, மேல் அலகின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் புள்ளிகளை மறந்துவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகள்தான் இதை மற்ற கூழைக்கடாக்களிலிருந்து பிரிக்கும் அடையாளம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வடுவூர் 2022-இல் சேர்ந்தது. ஆனாலும் ஏரி நிரம்புவது வாய்க்கால் தண்ணீரைப் பொறுத்தது. சிவப்பு: மதகு.

வெளிமான்: கொம்புகள் 'வி' வடிவில் விரிந்து, முறுக்கிக்கொண்டு மேலேறும். இரண்டையும் ஒரே பக்கமாக முறுக்காதீர்கள், ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். முறுக்கின் மேல் வளையங்கள் தனி. கிடாவின் கருமை வயதோடு ஏறுவது. இளங்கிடா பெண்மானைப் போலப் பழுப்பாக இருக்கும். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தை விட்டால் முகமே செத்துவிடும். இங்கே சிவப்பு எது என்று வெகுநாள் குழம்பினேன். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை வரையலாமா என்றுகூட யோசித்தேன், ஆனால் புயல் மனிதன் செய்த பொருள் அல்ல. கடைசியில் புல்வெளியைத் தின்றுவரும் சீமைக்கருவேல முள் கிளை ஒன்றைச் சிவப்பாக்கினேன். அது நாமே கொண்டுவந்து வைத்தது.

பெரிய நாட்: வடகிழக்குச் சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது. வழியில் இறங்கி இளைப்பாறும் மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளை நிரப்பிவிட்டதுதான் அதன் எண்ணிக்கை சரிந்ததற்குப் பெரிய காரணம். குற்றம் நடந்தது வேறு நாட்டுக் கரையில்; இங்கே உப்பளத்துக்காரரைச் சிவப்பாக்குவது நியாயம் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறார்கள். அந்தக் கால் வளையம்தான் இந்தத் துணியின் சிவப்பு. பயறளவுதான் வரும். பார்ப்பவர் குனிந்து தேடட்டும்.

பங்குனி ஆமை: இதில்தான் எனக்கு மானம் போனது. மூன்று வாரம் உழைத்து ஓர் ஆமையை வரைந்து, வேதாரண்யம் பக்கத்து மீனவப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் துணியைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் இது பங்குனி ஆமை இல்லை."

"ஏன் ஐயா?"

"முதுகுப் பலகையை எண்ணினாயா?"

எண்ணவில்லை. இணையத்தில் கிடைத்த பச்சை ஆமைப் படத்தைப் பார்த்து வரைந்திருந்தேன். பச்சை ஆமைக்கு ஓட்டின் பக்கவாட்டில் நான்கு இணைப் பலகைகள். பங்குனி ஆமைக்குப் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது வரை, அதிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓடு ஏறக்குறைய இதய வடிவம், நீளம் 60 முதல் 70 செ.மீ. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் சாகும். சிவப்பு: இழுவலையின் மடி.

வேளா: சுறா என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது திருக்கை இனம். செவுள் பிளவுகள் உடலின் அடிப்புறத்தில் இருக்கும், சுறாவைப் போலப் பக்கவாட்டில் அல்ல. ரம்பத்தில் ஒரு பக்கத்துக்கு 14 முதல் 24 பற்கள். அந்தப் பற்களே அதற்கு எமன். எந்த வலையில் பட்டாலும் மாட்டிக்கொள்ளும். இனி நேரில் பார்த்து வரைவது நடக்காத காரியம். கரையோரத்து முதியவர்களிடம் கேளுங்கள், கையை விரித்து நீளம் காட்டுவார்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தச் 'சுறவு' வேளாதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் மண்ணில் நடும்படியான கோடு வேறு எதற்கு இருக்கிறது? நீர்மட்டத்துக்குக் கீழே வேளாவைக் கறுப்பில் வரையுங்கள், மேலே மணலில் நட்ட கோட்டைச் சிவப்பில்.

ஆவுளியா: இணையத்தில் தேடினால் பாதிக்குமேல் அமெரிக்கக் கரையின் மானட்டி படங்கள் வரும். வாலைப் பாருங்கள். மானட்டிக்குத் துடுப்புக் கட்டை போல உருண்டை வால். ஆவுளியாவுக்கு ஓங்கில் (டால்பின்) போலப் பிளந்த வால். மூக்கு தரையை நோக்கி வளைந்திருக்கும், முதுகில் துடுப்பு கிடையாது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரத்தின் மேலேறி நின்றால் அந்தக் கடல் தெரியும். ஆவுளியா தெரியாது. சரபோஜி விலங்குகளையும் பறவைகளையும் வரையச் சொல்லிச் சேர்த்த ஓவியங்கள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. பார்த்ததை மட்டும் வரையும் ஒழுக்கத்தை அவற்றில் கற்கலாம். நான் ஆவுளியாவைப் பார்த்ததில்லை. அதனால் என் துணியில் உடல் பாதிதான் வருகிறது. மீதி, அது கடற்புல்லை மேய்ந்துகொண்டே போகும்போது அடித்தரையில் விட்டுப்போகும் வளைந்த தடம். சிவப்பு: நங்கூரமும் கயிறும்.

துணியைப் பக்குவப்படுத்துதல்

வெளுக்காத காடாத் துணி போதும். சுருங்கும் என்பதால் 70-க்கு 100 செ.மீ. என்று வெட்டுங்கள். கஞ்சி முழுக்கப் போகும்வரை துவைத்து, ஓர் இரவு ஊற வைத்து, மறுபடி துவைத்துக் காயப்போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருளாமல் உடனே உறிஞ்ச வேண்டும், அதுதான் சோதனை.

பிறகு கடுக்காய். நான் போடும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி 50 கிராம், கால் லிட்டர் காய்ச்சாத எருமைப் பால். கடுக்காயின் துவர்ப்புச் சத்துதான் பின்னால் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். பாலின் கொழுப்பு, கோடு பரவாமல் தடுக்கும். கொழுப்பு நீக்கிய பாக்கெட் பாலை ஊற்றிவிட்டு மை கசிகிறதே என்று புலம்பாதீர்கள். துணியை அரைமணி நேரம் ஊறவைத்து, சீராகப் பிழிந்து, மடிப்பு விழாமல் வெயிலில் காயப்போடுங்கள். இள மஞ்சளாக வரும். இந்தத் துணியை ஈரக் கையால் தொட்டால் கறை விழும்.

கறுப்பு

மண்பானையில் ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம், கால் கிலோ துருப்பிடித்த ஆணி, இரும்புத் துண்டுகள். வாயைத் துணியால் கட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடினால் பொங்கும். நம் கோடையில் மூன்று வாரம் போதும், தினம் ஒருமுறை கலக்கிவிட வேண்டும். நாற்றத்துக்காக வீட்டில் திட்டு விழும், பானையைக் கொல்லைப்புறம் வைத்துவிடுங்கள். வடிகட்டினால் பழுப்பு நீர்தான் கிடைக்கும், ஏமாற வேண்டாம். கடுக்காய்த் துணியில் பட்டு மூச்சு விடும் நேரத்துக்குள் சாம்பலாகி, பிறகு கறுத்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது.

வரைவைப் புளியங்குச்சிக் கரியால் துணிக்கு மாற்றுங்கள். எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி: முனையைச் சீவி, அதற்கு மேல் கம்பளியோ பழந்துணியோ சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினால் அதுவே மைக்கூடு. சுற்றிய துணியை விரலால் அமுக்கும் அளவுக்குத் தகுந்தபடி மை இறங்கும். முதலில் தொடுவானக் கோட்டை இழுங்கள். அது பிசகினால் ஏழு துணியும் பிசகும். பிறகு உயிர். ரோமம், செதில், இறகு எல்லாம் கோடுகளாலேயே வரட்டும்; பெரிய பரப்பை மையால் நிரப்பாதீர்கள்.

இதற்கு அழகு மட்டும் காரணம் அல்ல. இரும்பு மிகுந்தால் பருத்தி இழை இற்றுப்போகும். என் முதல் வெளிமானின் முதுகைக் கரைசல் தடிக்கத் தடிக்க மூன்று பூச்சு நிரப்பினேன். மூன்றாம் ஆண்டில் விரித்தபோது முதுகு மட்டும் எறும்பு அரித்தது போல உதிர்ந்துவிட்டது.

சிவப்பு

அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் படிகாரம் கரைத்து, சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் வேறொரு குச்சியால் பூசுங்கள். படிகார நீருக்கு நிறம் இல்லாததால் எங்கே பூசினோம் என்று தெரியாது. சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரின் சாறு ஒரு துளி கலந்தால் தெரியும். இரண்டு நாள் காய விட்டு, வாய்க்காலில் துணியை விரித்துப் பிடித்து அலசுங்கள். மடித்துக் கசக்கினால் மிகுந்த படிகாரம் கண்ட இடத்தில் ஒட்டும்.

சோழமண்டலக் கரையின் பழைய சிவப்பு, மணற்பாங்கில் வளரும் இம்பூறல் எனும் சாயவேரிலிருந்து வந்தது. இன்று நாட்டு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பது மஞ்சிட்டி. துணியின் எடைக்குச் சம எடை பொடி, தாராளமாகத் தண்ணீர், தாமிர அண்டா அல்லது எவர்சில்வர்ப் பாத்திரம். இரும்புச் சட்டி ஆகாது, சிவப்பு மங்கிவிடும். கை பொறுக்காத சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். கொதிக்க விட்டால் சிவப்புக்குப் பதில் செங்கல் நிறம்தான் மிஞ்சும். வெளியே எடுக்கும்போது துணி முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும். பயந்துவிடாதீர்கள், ஓடும் நீரில் அலசி, ஈரம் தெளித்து வெயிலில் போட்டு, மறுபடி அலசி என்று நாலைந்து நாள் செய்தால் படிகாரம் பட்ட இடம் நிற்கும், மற்றவை வெளுக்கும். வேதாரண்யம் பக்கத்துக் கிணற்று உப்புநீரில் இதைச் செய்யாதீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம் உறவினர் வீட்டு வாய்க்கால் படித்துறைக்கு மூட்டையோடு போய்விடுவேன்.

மாட்டுதல், காத்தல்

மேல் ஓரத்தை மடித்துத் தைத்து மூங்கில் கழியைச் செருகுங்கள், கண்ணாடிச் சட்டம் வேண்டாம். பெயர்ச்சீட்டில் முதலில் ஊர்ப் பெயர்: ஆவுளியா, வேளா, பங்குனி ஆமை. அறிவியல் பெயர் கீழே சிறிதாக இருக்கட்டும். நகரத்துக் காட்சிக்கூடத்துக்கு அனுப்பும் முன் ஒருநாளாவது மீனவர் வலை சீர்செய்யும் கூடத்தில் மாட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். பாராட்டு எதிர்பார்த்து வைக்காதீர்கள். வலையின் கண் அளவு தப்பு, நங்கூரத்தின் கொக்கி தப்பு என்று எழுதுவார்கள். அடுத்த துணியில் திருத்துங்கள்.

மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். மடித்து வைத்தால் கறுப்புக் கோடு மடிப்பில்தான் முதலில் இறும். பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் பழைய வேட்டியைச் சுற்றி, அதன் மேல் ஓவியங்களை வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, இன்னொரு வேட்டியால் மூடுங்கள். நடுவில் வசம்புத் துண்டுகள் நாலைந்து. தை பிறந்ததும் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள்.